பிள்ளைகள இறக்கிவிட்டுட்டு நீங்க கெளம்புங்க

மருமவனே, நேத்து ராத்திரி உன் பொண்டாட்டி அனுப்பின போட்டோ வந்து சேந்துச்சு. ஸ்டுட்கார்ட்ல பனி கொட்டுதுன்னு எழுதியிருந்தா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பனியத் தேடுனேன், சன்னல் ஓரமாக் கொஞ்சூண்டு தெரிஞ்சது. மத்தது பூரா பலகாரத் தட்டு. நட்சத்திரம் ஒரு வரிசை, பிறைநிலா ஒரு வரிசை, படம் பதிச்ச பிஸ்கட்டு ஒரு வரிசை. உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "இந்தப் பிள்ள அடுப்படியில குடியிருக்காளா, இல்ல வீட்டுலயா?"ன்னு கேட்டா.

போட்டோவுக்குக் கீழ ஒரு வரி: "பெரியப்பா, ஆகஸ்டுக்கு இப்பவே டிக்கெட் பாக்குறோம், இப்பப் போட்டாத்தான் மலிவு." போடுங்க, தாராளமாப் போடுங்க. அதுக்கு முன்னாடி தாய்மாமன் சொல்றதுக்குக் கொஞ்சம் இருக்கு. மடியில உக்கார வச்சு உனக்குக் காது குத்துனவன் நான். அந்தப் பாத்தியதைக்கு உன்ன வருசத்துக்கு ஒருக்க வம்புக்கு இழுக்காட்டி எனக்குச் சோறு இறங்காது.

போன தடவ நீங்க வந்து போன அழகை ஊரு இன்னும் பேசிக்கிட்டிருக்கு. மூணு வாரம் லீவு. மொத ரெண்டு நாள் தூங்கித் தெளிய. உங்க ஊர்க் கடிகாரம் வெயில் காலத்துல நமக்கு மூணரை மணி நேரம் பிந்தி ஓடுதுல்ல, நடுராத்திரி ஒரு மணிக்கு உன் பிள்ளைக கொட்டக் கொட்ட முழிச்சு உக்காந்து பசிக்குதுன்னுச்சு. உங்க அத்தை எந்திரிச்சுத் தோசைக்கல்லப் போட்டா. தெருநாய் பூரா நம்ம வாசல்ல.

பெறகு சென்னையில மச்சினன் வீடு, மதுரையில சகலை வீடு, பேங்க்ல கேஒய்சி, பல் டாக்டரு. ஜெர்மனியில மாசாமாசம் இன்சூரன்சுக்குக் கட்டுறான், பல்லை மட்டும் கோவில்பட்டியில வந்துதான் காட்டுறான். சட்டைத்துணி தைக்கக் குடுத்த டைலரு கிட்ட நாலு நடை. குலசாமி கோயில்ல கிடாவெட்டு. கறி கொதிக்கும்போது போட்டோ, எறக்கும்போது போட்டோ, எலையில விழும்போது போட்டோ. வாயில வைக்கும்போது ஆறிப்போச்சுன்னு சாமியாடியே சடைச்சுக்கிட்டான்.

எல்லாத்துக்கும் மேல அந்தக் காயிதம். எக்செல்னு சொன்னியே, கட்டங்கட்டமாப் போட்டு. தூங்கித் தெளிஞ்ச அந்த ரெண்டு நாள் போக, பதினொண்ணு பத்துல இருந்து பதினொண்ணு நாப்பது வரைக்கும் "மாமா வீடு". எழுபது வருசம் இந்தக் கரிசல்ல நான் பட்ட பாடு எல்லாத்தையும் அரை மணி நேரக் கட்டத்துக்குள்ள அடச்சிட்டியேப்பா, படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்! செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு நீ வாசப்படியில நின்னு யோசிக்க, தெருவுல டிரைவர் ஆரனை அமுக்க, உங்க அத்தை காப்பித் தம்ளரோட ஓடியாந்து ஓடியாந்து குடுக்க... பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கிறவன்கூட இத்தனை அவசரப்பட மாட்டான்.

சரி, இவுக பிறவியிலயே அவசரக்காரகன்னு விட்டுரலாம்னு பாத்தா, அதுக்கும் வழியில்ல. மூணு மாச விசாவுல ஒரு குளிர்காலம் உங்க வீட்டு மூலையில உக்காந்து எல்லாத்தையும் பாத்தவன்ல நான்.

ஒரு கண்ணாடி பாட்டில்ல மாவையும் தண்ணியையும் கரைச்சுப் புளிக்க வச்சிருந்தா உன் பொண்டாட்டி. அதுக்குத் தெனமும் தீனி போடணுமாம். ஒருநாள் கடைக்குப் போனவ, தீனி வைக்க மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தா. அந்தப் புளிச்ச மாவை எடுத்து ரொட்டி மாவுல சேத்துப் பெசைஞ்சு, அரை மணிக்கு ஒருக்க மடிச்சு விட்டு, ராத்திரி பூரா குளுமையில தூங்க வச்சு, மறுநாள் எந்திரிச்சு அதுக்கு நோகாமத் தூக்கி, பிளேடால மேல ஒரு கீறு கீறி, அடுப்புல வச்சா. ஒரு ரொட்டிக்கு ரெண்டு நாள்! மாவுக்காக ரெண்டு நாள் காத்துக்கிடக்குற பொண்ணு, எங்க வீட்டுல ரெண்டாவது தம்ளர் காப்பிக்குக் காத்திருக்கல.

அந்த ஊர் மாவுக்கு நம்பர் வேற. 405, 550, 1050ன்னு பொட்டலத்துல போட்டிருந்தான். நான் வெலையோன்னு பயந்துட்டேன். நூறு கிராம் மாவை எரிச்சா மிஞ்சுற சாம்பல் எத்தனை மில்லிகிராமோ, அதுதான் நம்பராம். தவிடு கூட இருந்தாச் சாம்பலும் கூடும், நம்பரும் கூடும். 405 கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும், அதுக்கு மேல போகப் போக ரொட்டிக்கு. தலைமுறை தலைமுறையாத் திருநீறு பூசுறோம், நம்ம ஆளுக ஒருத்தனுக்காவது மாவை எரிச்சு எடை போடணும்னு தோணுச்சா? வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

அங்க மூவாயிரத்துக்கு மேல ரொட்டி வகை இருக்குன்னு நீதான் சொன்ன. 2014ல அந்த ரொட்டி சுடுற பழக்கத்தையே அவுக நாட்டு மரபுச் சொத்துப் பட்டியல்ல ஏத்தியிருக்காகன்னும் சொன்ன. தெருவுக்குத் தெரு ரொட்டிக்கடை. ஞாயித்துக்கிழமை ஊரே கதவடச்சுக் கிடந்தாலும் ரொட்டிக்கடை மட்டும் காலையில கொஞ்ச நேரம் திறந்திருக்கு. அப்படியாப்பட்ட ஊர்ல நீங்க எதுக்கு வீட்டுல கெடந்து மாவோட மல்லுக்கட்டணும்னு கேட்டேன். "பெரியப்பா, நாலரைக்கே இருட்டிருது. வெளிய போக முடியல. ஓவனப் போட்டா வீடும் சூடாகும், பிள்ளைகளும் போனை வச்சிட்டுப் பக்கத்துல வந்து உக்காரும்"னா. நான் வாயத் தெறக்கல. ஆயிரம் கேலி பேசலாம், அந்தப் பதிலைக் கேலி பேசுனா நாக்கு அழுகிரும்.

ஆனா அந்த ஓவனோட வண்டவாளம் எனக்குத் தெரியும். ஊரு ஒலகத்துக்குத்தான் அது கேக்கு சுடுற அடுப்பு. வாரத்துல பாதி ராத்திரி அதுக்குள்ள நம்ம இட்லி மாவுதான் குடியிருக்கு. அடுப்பைப் பத்தவைக்காம உள்ள லைட்ட மட்டும் எரியவிட்டு மாவுச்சட்டிய வச்சா, அந்தக் கதகதப்புல விடியுறதுக்குள்ள பொங்கி நிக்கி. உள்ள மாவு இருக்கிறது தெரியாம ஒருநாள் நீ பீட்சாவுக்கு 220-ல திருகிவிட்டியே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அந்தச் சட்டியில வெந்த சாமானுக்கு எந்தப் பட்டியல்லயும் பேர் கிடையாது.

இன்னொண்ணு, அந்த மிக்சி. ஞாயித்துக்கிழமை சத்தம் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல சத்தம் கூடாதுன்னு சட்டம். கீழ்வீட்டுக்காரன் காதுல விழுந்துரும்னு மிக்சிக்குக் கம்பளியப் போத்தி நீ சட்னி அரைச்சத இந்தக் கண்ணால பாத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இங்க யாரும் அத்தனை பதமாப் போத்துனதில்ல.

தாயி, இப்பச் சொல்றது உனக்கு. அந்தப் பட்டை நட்சத்திரம் இருக்கே, சிம்ட்ஸ்டெர்ன, அதை நீ சுடும்போது பக்கத்துல நின்னு பாத்தேன். மைதா ஒரு சிட்டிகை கிடையாது. பாதாம் பொடி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, லவங்கப்பட்டை, அவ்வளவுதான். மேல வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடிச்சுப் பூசி, செவந்துராமக் கொறைஞ்ச சூட்டுல எடுத்த. ஒண்ண வாயில போட்டதும் எனக்குத் தூத்துக்குடி வந்துருச்சு. நம்ம மக்ரூன் என்ன? முந்திரிப்பருப்பு, சீனி, வெள்ளைக்கரு. நுரைக்க அடிச்சு, கூம்பாப் பிழிஞ்சு, அடுப்போட அடங்குன சூட்டுல மணிக்கணக்காக் காயவிடுறான். இங்கயும் மைதா கிடையாது. முந்திரி மரத்தைப் பிரேசில்ல இருந்து கொண்டாந்தது போர்த்துக்கீசியன். தூத்துக்குடிக் கரையில அவன் நடமாட்டம் நானூறு அஞ்ஞூறு வருசத்துப் பழசு. வெள்ளைக்கருவைச் சீனியோட அடிக்கிற வித்தையும் அவன்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு அங்க பேச்சு. உன் நட்சத்திரத்துல போடுற பட்டை, தூத்துக்குடிக்கு நேரெதிர்க்க இலங்கையில விளையுறது. பங்காளி வீட்டுப் பலகாரம் ரெண்டும்.

கிட்டத்தட்ட அஞ்சாயிரம் மைலுக்கு அந்தாண்ட உள்ள பங்காளிய உன் பிள்ளைகளுக்குக் கரைச்சுக் குடிக்கக் குடுத்திருக்க. கோவில்பட்டியில பஸ் ஏறுனா ஒண்ணரை மணி நேரத்துல வார பங்காளிய அதுக கண்ணுல காட்டுனதில்ல. கேட்டா, கட்டத்துல எடமில்ல.

இங்க கோவில்பட்டியிலயே கடலைமிட்டாய் ஊத்துற எடத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல. 2020ல புவிசார் குறியீடு குடுத்திருக்கான், சும்மா இல்ல. வெல்லப்பாகு காயும்போது அங்க யாரும் அதுக்குள்ள தெர்மாமீட்டர விட்டுப் பாக்கிறதில்ல. ஒரு சொட்ட எடுத்துத் தண்ணியில விடுவான், ரெண்டு விரலால உருட்டிப் பாப்பான், "எறக்கு"ம்பான். நீ சீனிப்பாகு காய்ச்ச ஊசி மாதிரி ஒரு கருவியக் குத்திக்கிட்டு நம்பரப் பாத்துக்கிட்டே நின்னியே, ரெண்டையும் உன் மக பக்கத்துல பக்கத்துல பாத்தாத்தான் அவளுக்கு அடுப்படிப் படிப்பு முழுசாகும்.

உன்னக் குத்தமே சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன். அந்த லேப்கூகன்ல தேனைக் கொறைச்சு உடன்குடிக் கருப்பட்டியத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலமும் கிராம்பும் கூட்டி வச்ச பாரு, அது கைக்காரி வேலை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரம்மா மூணு தின்னுட்டு, ரெண்டைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுப் போனா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

மருமவனே, போன ஆகஸ்டுல உன் மவன் பொறந்தநாள் வந்துச்சு. கேக்கு வேணும்னு அழுதான். ஆடி வெள்ளி, வீட்டுல முட்டை ஆகாதுன்னு உங்க அத்தை. ஓவன் இல்ல, தராசு இல்ல. உன் பொண்டாட்டிக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எத்தனை கிராம்னு அவ கேக்க, "ஒரு கை அள்ளு, பத்தாட்டி இன்னொரு கை"ன்னு உங்க அத்தை சொல்ல, ஒரு வழியாத் தயிரும் ஆப்பசோடாவும் போட்டு மாவு கலக்கியாச்சு. குக்கர் அடியில உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டி வச்சிட்டு, உள்ள ஒரு தாங்கிய வச்சு அதுமேல டப்பாவ எறக்குனாக. அடி கொஞ்சம் கரிஞ்சிருச்சு. "கரிஞ்சாத்தான் வாசம்"னு தெருப்பிள்ளைக அஞ்சு நிமிசத்துல காலி பண்ணிருச்சுக.

அந்தக் கேக்கு வேக முக்கால் மணி நேரம் ஆச்சு. குக்கரப் போட்டுட்டு எங்கயும் போக முடியல. அந்த முக்கால் மணி நேரம்தான் மருமவனே, மூணு வாரத்துல நீ திண்ணையில சாஞ்சு உக்காந்தது. வேட்டிய மாத்துன. உங்க அம்மா பேச்ச எடுத்த. என் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்ட. கேக்கு வெந்ததும் கெளம்பிட்ட.

மூட்டை கட்டுற கூத்துக்கு வருவோம். வரும்போது சாக்லேட்டு. மீனம்பாக்கத்துல எறங்கி நம்மூர் வந்து சேருறதுக்குள்ள அது கஞ்சியாயிருது. உங்க அத்தை ஃபிரிட்ஜுல வச்சு மறுபடி கல்லாக்கி, சுத்தியால தட்டி ஊருக்குப் பங்கு வைக்கா. அடுத்த தடவ சாக்லேட்டு வேண்டாம் தாயி. அந்தப் பட்டை நட்சத்திரத்தைத் தகரடப்பாவுல அடுக்கிக் கொண்டா, வெயிலுக்கு உருகாது. போகும்போது இன்னொரு கூத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரெண்டு கிலோவ ஆசையாக் கட்டிக்கிட்டுப் போயி, அந்த ஊர் ஏர்போர்ட்டுல பறிகுடுத்துட்டுப் போன் பண்ணி அழுத. ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுப் பாலும் இறைச்சியும் பையில கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு அங்கயே குடியிருக்கிற உனக்கு நான் சொல்லணுமாக்கும்? மீனுக்கு அந்தத் தடை இல்ல, இருவது கிலோ வரைக்கும் விடுறான். கறிவேப்பிலைக்குச் சர்ட்டிபிகேட்டு கேக்கான், தேங்காய்க்கும் வாழப்பழத்துக்கும் கேக்கல. ஆக, பால்கோவாவ இங்கயே உக்காந்து தின்னு முடி, பையில கருவாட்டக் கட்டு. சுங்க அதிகாரி பையத் தெறந்தாலும் உடனே மூடிருவான்.

சரி, விசயத்துக்கு வாரேன். போன தடவ உன் மக வயக்காட்டப் பாத்துட்டு, "தாத்தா, இந்த நெலம் ஏன் ஒடஞ்சு கெடக்கு?"ன்னு கேட்டா. கரிசல் வெடிப்பைச் சொல்றா. அவமேல தப்பில்ல. அவ பொறந்ததுல இருந்து நீங்க வந்ததெல்லாம் ஆகஸ்டுலதான். அப்ப இங்க என்ன இருக்கும்? ஆடிக்காத்தும் புழுதியும்தான். கயத்தாறுப் பக்கம் காத்தாடி சுத்துறதப் பாத்துட்டு, "இது எங்க ஊர்லயும் இருக்கு"ன்னு சந்தோசப்பட்டா. அவளுக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே சாமான் அது. பெருமழைக்கு முன்ன பொரட்டாசி ஐப்பசியில வெதைச்சு, உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமுமா மார்கழியில இதே மண்ணு பச்சையா நிக்கிறத அந்தப் பிள்ள பாத்ததில்ல. தை மாசி அறுப்பு தெரியாது. பொங்கலும் தெரியாது.

பொங்கலுக்கு வான்னா வரமுடியாதுன்னு எனக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் லீவு ரெண்டு வாரம், பொங்கலுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்தத் தெறந்துருவான். பள்ளிக்கூட நாள்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பறந்தா அபராதம் போடுறான். பவேரியாப் பக்கம் ஏர்போர்ட்லயே போலீஸ்காரன் நின்னு பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளைய விசாரிச்சிருக்கான். நம்ம ஊர்ல கல்யாணம், காதுகுத்து, பக்கத்து ஊர் கொடை எல்லாத்துக்கும் மஞ்சப்பையத் தூக்குன பரம்பரை, போயும் போயும் அங்க போய் மாட்டியிருக்கோம்.

ஆனா கோடை லீவு ஆறு வாரம் உண்டு. உங்க மாகாணத்துல ஜூலை கடைசியில விட்டா, செப்டம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும் பள்ளிக்கூடம் இல்ல. உனக்கு லீவு மூணு வாரம்னா, பிள்ளைகளும் மூணு வாரத்துல திரும்பணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? நீங்க ரெண்டு பேரும் உங்க கட்டத்தப் போட்டுக்கிட்டு மச்சினன் வீடு, பல் டாக்டர், டைலர்னு சுத்துங்க. பிள்ளைகள மொத நாளே இங்க இறக்கிவிட்டுருங்க. லீவு முடிஞ்சதும் நீங்க கெளம்புங்க. பிள்ளைக இருக்கட்டும். தனியாப் போற பிள்ளைக்கு விமானக் கம்பெனிக்காரனே காசு வாங்கிக்கிட்டு ஆள் போட்டு ஏத்தி எறக்கி விடுறான்னு உன் பொண்டாட்டியே சொன்னா. ஃபிராங்க்பர்ட்டுல போய் நீ கூட்டிக்கோ.

அதுகளுக்கு இங்க போரடிக்கும்னு பதறாத. ஆகஸ்டு அஞ்சு தூத்துக்குடியில பனிமய மாதா திருவிழா, அன்னிக்கே மக்ரூன் கடையையும் காட்டிருவேன். தேதி ஒத்துவந்தா சங்கரன்கோவில் ஆடித்தபசு. ஆவணியில பனம்பழம் விழும், சுட்டுக் குடுத்தா மொகம் பூரா மஞ்சளா அப்பிக்கிட்டு திங்குங்க. வெறும் நெலமா இருந்தாலும் ஆட்டுக்கிடை போடுவாக, உழவு ஓட்டுவாக. ஒடஞ்ச நெலத்த எப்படி ஒட்டவைக்கிறதுன்னு உன் மக பாக்கட்டும். பேச்சுக்கு என்ன செய்வாகன்னு கேக்காத. வீட்டுக்குள்ள அண்ணனும் தங்கச்சியும் ஜெர்மன்லயே பேசிக்கிட்டாகன்னா அது நீங்க ரெண்டு பேரும் கூடவே நின்னு மொழிபெயர்க்கிறதால. நீங்க போனாத்தான் அதுக வாயில தமிழ் வரும். பசி எடுத்தா உங்க அத்தைகிட்ட ஜெர்மன்லயா கேக்கும்?

இதுல எனக்கும் ஒரு சுயநலம் இருக்கு, மறைக்கல. நீயோ உன் பிள்ளையோ அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டா, இங்க வெவசாய நெலம் ஒரு சென்ட் வெலைக்கு வாங்க முடியாது. வாரிசா வந்தா மட்டும் வச்சிக்கலாம். ஸ்டுட்கார்ட்ல எத்தனை யூரோ சம்பாதிச்சாலும் இந்தக் கரிசல்ல கால் ஊனணும்னா எங்கள மாதிரிக் கெழடுகட்ட தயவு வேணும்டா மருமவனே. எழுதி வைக்கிற கை இந்தக் கைதான். நான் பேரனுக்கா எழுதுறேன், கோயிலுக்கா எழுதுறேன்னு இன்னும் முடிவு பண்ணல. ஆறு வாரம் அவன் இங்க இருந்தா, ஆளப் பாத்து எழுதலாம்.

தாயி, உன் பாட்டிலுக்குத் தீனி போட ஆளில்லையேன்னு நீ மொகம் வாடாத. அதைப் பக்கத்து வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு வா, அவளுக்குத்தான் உன் கருப்பட்டி மேல அத்தனை பிரியமாச்சே.

ஆகையினால, பிள்ளைகளுக்குத் திரும்புற டிக்கெட்ட செப்டம்பர் ரெண்டாவது வாரத்துக்குப் போட்டுருங்க. போட்டதும் உங்க அத்தைக்குச் சொல்லிருங்க. பரண்ல கெடக்குற கயித்துக்கட்டில் ரெண்டுக்கும் கயிறு மாத்தணும். அந்த வேலை தெரிஞ்ச ஆளு இப்ப ஊர்ல ஒருத்தர்தான் இருக்காரு, அவரும் மழை விழுந்துட்டாக் காட்டுக்குப் போயிருவாரு.